முகவரி மாறவில்லை

நூலக வண்டியை நேரத்துக்கு முன்னால் கிளப்பிக்கொண்டு போனது வெய்யோவின் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். லம்மின்சலோ என்கிற ஊரில், சாலையிலிருந்து பிரிந்து ஏரிக்கரைக்கு இறங்கும் பாதையின் முனையில், தபால் பெட்டிகள் வரிசையாக நிற்கும் இடம் அவனுடைய நிறுத்தங்களில் ஒன்று. புதன்கிழமை தோறும் அங்கே வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, படியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பான். பனி கொட்டுகிற நாளிலும், ஒரு ஆளும் வரப்போவதில்லை என்று தெரிந்த நாளிலும், அட்டவணையில் போட்டிருக்கும் நேரம் முடியும்வரை அசையமாட்டான். அந்தப் புதன்கிழமை, பாதையின் கீழ்முனையில் ஒரு நீல மழைச்சட்டை தெரிந்ததும் படியை மடக்கினான். கதவை மூடினான். வண்டி வளைவு திரும்பும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தான். துய்ரே பை நிறையப் புத்தகங்களோடு தபால் பெட்டிகளின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையை ஆட்டவில்லை, கூப்பிடவில்லை. தன் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வண்டியைச் சந்தேகப்படவில்லை, கடிகாரத்தைத்தான் சந்தேகப்பட்டாள் என்பது அடுத்த நிறுத்தம் வரைக்கும் அவன் நெஞ்சில் முள்ளாக நின்றது.

வெய்யோ ரிஸ்ஸனென் முன்பு காகித ஆலையில் வேலை பார்த்தவன். ஆலையை மூடியபோது நகராட்சி நூலக வண்டிக்கு ஓட்டுநர் தேவைப்பட்டது. போனான், அப்படியே தங்கிவிட்டான். யார் என்ன படிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். யார் விவாகரத்துச் சட்டப் புத்தகத்தைச் சமையல் புத்தகத்துக்கு அடியில் வைத்து எடுத்துப்போனார்கள் என்றும் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. அதனாலேயே ஊரில் அவன்மேல் நம்பிக்கை. கணினி வேலை அவன் பொழுதுபோக்கு. ஊர்ச் சங்கத்தின் சர்வரை இல்போ பார்த்துக்கொண்டான்; இல்போவுக்குக் கைகொடுக்க வெய்யோ. வருஷக்கணக்காக அந்த ஏற்பாடு. வெய்யோ எதையாவது சரிசெய்துவிட்டுச் சொன்னால், கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு, "இல்போகிட்ட ஒரு தடவை காட்டிட்டியா?" என்பார்கள்.

இல்போ தொலைபேசிக் கம்பி இழுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், துய்ரேவின் கணவன், வாய் துடுக்குக்காரன். ஏரியின் பனிக்கட்டி உருகிப்போகிற வசந்தத்தில் செத்துப்போனான். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் வெய்யோவும் ஒருவன். அதன்பிறகு காப்பி குடிக்கும்போது ஒவ்வொருவரும் இல்போ சொன்ன ஒரு கிண்டலைச் சொன்னார்கள். வெய்யோவின் முறை வந்தபோது சொல்லக்கூடிய மாதிரி ஒன்றும் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. எல்லாக் கிண்டலும் வெய்யோவைப் பற்றியதாகவே இருந்தது.

அந்த சர்வரை ஊரில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. தெற்கே தலைநகரத்துப் பக்கம் ஏதோ ஒரு கட்டடத்தில், வாடகைக்கு எடுத்த ஓர் இயந்திரத்தின் சின்னப் பங்கு. ஆனால் ஊர் அதன்மேல்தான் ஓடியது. சங்கத்தின் மின்னஞ்சல், சவுனா என்கிற பொது நீராவிக் குளியலறையில் யாருக்கு எந்த முறை என்கிற பதிவு, தண்ணீர் பம்ப்பின் எச்சரிக்கை மணி எல்லாம் அதில். குளிர்காலத்தில் ஆளில்லாத கோடைக்குடில்களில் குழாய் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் சின்னப் பெட்டிகளும் அதோடுதான் பேசும். அந்தப் பெட்டிகளை இல்போ தன் கையால் செய்து தீவு தீவாகப் படகில் போய் மாட்டியிருந்தான். அவற்றுக்கு சர்வரின் பெயர் தெரியாது. எண் முகவரி மட்டும் தெரியும். முகவரி மாறினால் ஒவ்வொரு குடிலுக்கும் படகு விடவேண்டும். மின்னஞ்சலும் அப்படித்தான். பழைய எண்ணிலிருந்து போகும் கடிதத்தைப் பெரிய நிறுவனங்கள் ஏற்றுக்கொள்ளும். புது எண் என்றால் குப்பையில் தள்ளிவிடும். நல்ல பெயர் அந்த எண்ணோடு ஒட்டியிருந்தது.

சர்வரில் இருந்த இயங்குதளம் கிழடாகிவிட்டது. ஓட்டைகளை அடைக்க இனிமேல் யாரும் திருத்தம் அனுப்பமாட்டார்கள். மாற்றியே ஆகவேண்டும். புதிதாக வேறொரு சர்வர் எடுத்தால் முகவரி போய்விடும். வாடகைக் கம்பெனியின் பக்கத்தில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் உள்ளே இருப்பதெல்லாம் துடைத்து எடுக்கப்பட்டுப் புது இயங்குதளம் இறங்கும். எண் மட்டும் அப்படியே இருக்கும். வீட்டைத் தரைமட்டமாக்கிவிட்டு அதே கதவிலக்கத்தில் புது வீடு கட்டுகிற மாதிரி. ஆகவே வேண்டிய சாமான்களை முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

வெய்யோ முறையாகத்தான் செய்தான். கணக்கு வைத்திருந்த எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பினான். ஊருக்குப் பொதுவானவை பத்திரமாக எடுத்து வைக்கப்படும். சொந்த ஃபோல்டர் வைத்திருப்பவர்கள் தங்களுடையதை எடுத்துக்கொள்ளவும். மறுப்பு வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும். லம்மின்சலோவில் எல்லாத் தீர்மானங்களும் இப்படித்தான் நிறைவேறும். தலைவர் கேட்பார், யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள், மேசையில் சுத்தியலைத் தட்டிவிடுவார். பேச்சு வந்தால்தான் அங்கே பிரச்சினை. இந்த மின்னஞ்சலுக்கும் ஒரு பதிலும் வரவில்லை. வெய்யோவுக்கு நிம்மதியாக இருந்தது.

சனிக்கிழமை பகலில் ஊர்மன்றத்தில் வைத்து வேலையை முடிப்பதாக ஏற்பாடு. அன்றைக்கு அங்கே ஜன்னல் கழுவுகிற பொதுவேலையும் இருந்தது. சங்கத் தலைவர் ஆர்மாஸ், முன்னாள் பனிவாரி வண்டி ஓட்டுநர், பெரிய பாத்திரத்தில் தொத்திறைச்சி சூப் கிண்டிக்கொண்டிருந்தார். வெய்யோ ஜன்னலோர மேசையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, இன்னும் வெடி வெடிக்கலையா?" என்றார் ஆர்மாஸ்.

"உன் சூப்பைப் பாரு. அதுதான் வெடிக்கப் போவுது."

"சூப்புக்கு நான் பொறுப்பு. பம்ப் மணி அடிக்காம ஊரு முழுக்கத் தாகத்துல செத்தா நீ பொறுப்பு."

"நீ என்னைக்குடா தண்ணி குடிச்சே?"

ஏணிமேல் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆர்மாஸ் கரண்டியைப் பாத்திர விளிம்பில் தட்டினார். "இல்போ இருந்திருந்தா இந்நேரம் முடிச்சுட்டு ரெண்டாவது தட்டு கேட்டிருப்பான்," என்றார். யாரையும் குத்தவேண்டும் என்று சொன்னதில்லை. ஆனால் அது போய்க் குத்தியது.

பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் வெய்யோ கடைசியாக ஒருமுறை ஃபோல்டர்களின் வரிசையைப் பார்த்தான். சொந்த ஃபோல்டர்கள் நாலைந்துதான். ஒன்றில் இல்போவின் பெயர். அதன் பக்கத்தில் கடைசியாக மாற்றப்பட்ட தேதி இருந்தது. அன்றைய தேதி. அன்று காலை.

செத்துப்போனவனின் அறையில் அன்று காலை யாரோ நடமாடியிருக்கிறார்கள்.

குறித்த நேரத்துக்குத் தானாக ஓடும் ஏதோ ஒரு நிரலாக இருக்கும் என்று வெய்யோ நினைத்தான். அப்படித்தானா என்று திறந்து பார்க்க ஒரு வரி தட்டினால் போதும். திறக்காமலே பிரதி எடுத்து வைக்கவும் ஒரு வரி போதும். ஃபோல்டர் சின்னது, மூச்சு விடுகிற நேரத்தில் வந்துவிடும். அவன் விரல் போகவில்லை. செத்தவனின் சொந்த விஷயத்தில் தலையிடக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நல்ல காரணம். எவ்வளவு நல்ல காரணம் என்று அவனே அந்த நேரத்தில் கவனித்தான். நிஜமான காரணங்கள் அவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை. இல்போவின் பெயர் இல்லாத ஒரு வரிசையைப் பார்க்கவேண்டும் என்று இருந்தது அவனுக்கு. அவ்வளவுதான். அழுத்தினான்.

சூப் தட்டுகள் நிரம்புவதற்குள் புதிய சர்வர் பழைய எண்ணில் எழுந்து நின்றது. எடுத்து வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினான். பம்ப் பேசியது. தீவுகளில் இருந்த பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தங்கள் சூட்டைச் சொல்லிவிட்டுப் போயின. வீடு இடிந்து எழுந்தது அவற்றுக்குத் தெரியவே இல்லை.

"முகவரி?" என்று கேட்டார் ஆர்மாஸ்.

"மாறலை."

"ஒரு எண்கூடவா?"

"ஒண்ணுகூட."

ஆர்மாஸ் கரண்டியைச் சுத்தியல் மாதிரி மேசையில் தட்டினார். "இனிமே இது வெய்யோவோட மெஷின்! எழுதி வச்சுக்கோங்க!" என்றார். ஏணிமேல் இருந்தவர்கள் ஈரத் துணியோடு கைதட்டினார்கள். வெய்யோ குனிந்து சூப் குடித்தான். காது மடல்கள் சூடாகின. அந்த வார்த்தைக்காக அவன் எத்தனை வருஷம் காத்திருந்தான் என்பது அது வந்தபிறகுதான் தெரிந்தது.

மறுநாள் ஆர்மாஸ் போன் செய்து, சர்வருக்குள் போகப் பார்த்தால் தன் கணினி கத்துகிறது என்றார். வெய்யோ அதை எதிர்பார்த்தான். ஒவ்வொரு சர்வருக்கும் சொந்தமாக ஒரு கைரேகை உண்டு. முதல் தடவை போகும்போதே நம் கணினி அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு அதே முகவரியில் வேறொரு கைரேகை தெரிந்தால், உள்ளே இருப்பது நீ அறிந்த ஆள் இல்லை, எவனோ உன்னை ஏமாற்றப் பார்க்கிறான் என்று எச்சரித்து நின்றுவிடும். இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் அந்த எச்சரிக்கையைப் படிப்பதில்லை. "பழைய குறியை அழிச்சிட்டு ஆமான்னு போடு, அவ்வளவுதான்," என்றான் வெய்யோ. ஆர்மாஸ் அப்படியே செய்தார்.

புதன்கிழமை துய்ரே நூலக வண்டிக்குள் ஏறினாள். புத்தகங்களை மேசைமேல் அடுக்கிவிட்டுச் சொன்னாள்: "வெய்யோ, இல்போவோட லேப்டாப் என்னைத் திட்டுது."

"என்னன்னு?"

"இங்கிலீஷ்ல. எல்லாம் பெரிய எழுத்து. சுத்திலும் சுருள் சுருளா வேலி வேற போட்டிருக்கு. யாரோ அசிங்கமான வேலை பண்ணிக்கிட்டிருக்கலாம்னு சொல்லுது. நான் என்ன அசிங்கம் பண்ணேன்? தண்ணிச் சூட்டைப் போடத்தானே போனேன்."

"என்ன தண்ணிச் சூடு?"

"உனக்குத் தெரியாதா?" என்றாள். "அவன் உன்கிட்டகூடச் சொல்லலையா?"

அவள் சொன்னாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து, காலையில் எழுந்ததும் படித்துறைக்குப் போய் ஏரித் தண்ணீரின் சூட்டை அளந்து வருவது அவள் வழக்கம். குளிர்காலத்தில் பனிக்கட்டியில் துளை போட்டு அளப்பாள். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. உடம்பு முடியாமல் படுத்த பிறகு இல்போ லேப்டாப்பில் ஒரு சின்னப் படத்தை வைத்துக் கொடுத்தான். அதைத் தொட்டால் கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். அளந்த எண்ணை அதில் போடவேண்டும். போட்டால் பதில் வரும்.

"என்ன பதில்?"

"அவன் பதில்தான். பதினொண்ணுன்னு போட்டா, 'மீனே கம்பளி கேக்கும்'ங்கும். பதினெட்டுன்னா, 'ஆர்மாஸ் குளிக்கலாம், வருஷத்துக்கு ஒரு தடவை தேவைதானே'ங்கும். ஒரு நாள் கை தவறி தொண்ணூத்தொண்ணுன்னு போட்டுட்டேன். 'கண்ணாடியப் போடு, துய்ரே'ன்னு வந்துது." அவள் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் வாய் அப்படியே இருந்தது. "இப்பல்லாம் வேணும்னே ஒரு நாளைக்குத் தப்பாப் போடுவேன்."

வெய்யோ கையில் பிடித்திருந்த புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

"எத்தனை எழுதி வச்சிருக்கான்னு தெரியல," என்றாள். "போன மாசங்கூடப் புதுசா ஒண்ணு வந்துது. நான் நினைச்சுக்கிட்டிருந்தேன், எல்லாம் தீந்துபோச்சுன்னு. தண்ணி சூடாக ஆக வேற வேற வருது போல."

"அதெல்லாம் லேப்டாப்புல இருக்கா?"

"உங்க மெஷின்லதான் வச்சிருக்கேன்னான். லேப்டாப் செத்தாலும் அது சாகாதுன்னான்."

வெய்யோ தலையைக் குனிந்து புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பதிவுக் கருவியில் காட்டினான். "சின்ன விஷயமாத்தான் இருக்கும்," என்றது அவன் வாய். "பாத்துச் சொல்றேன்."

"அவசரமில்ல. ஆனா இன்னைக்கு இருபத்தொண்ணு. இருபத்தொண்ணுக்கு என்ன சொல்றான்னு நான் இன்னும் கேட்டதில்ல."

அன்று சாயங்காலமே வாடகைக் கம்பெனிக்கு எழுதினான். மறுநாளே மரியாதையான பதில் வந்தது. புதிதாக நிறுவும்போது பழைய வட்டின்மேல் எழுதப்பட்டுவிடும். தானியங்கி பேக்கப் இந்த சர்வருக்கு எப்போதுமே இயக்கப்பட்டதில்லை. வேறு ஏதேனும் உதவி வேண்டுமா? வீட்டில் தான் எடுத்து வைத்திருந்த பிரதிகளைத் தேடினான். எல்லாம் இருந்தது. எந்த வருஷம் எந்த வியாழக்கிழமை யார் எந்த மணிக்கு சவுனாவுக்குப் போனார்கள் என்பதுகூட இருந்தது. அதை அவன் பத்திரமாக எடுத்து வைத்திருந்தான்.

அதற்கு அடுத்த புதன்கிழமைதான் அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனது.

சனிக்கிழமை சவுனாவில் மேல்படியில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ஓர்வோக்கி அடுப்பில் காய்ந்த கல்மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள். ஆவி எழுந்து காதைச் சுட்டது.

"துய்ரேவைக் கடையில பாத்தேன்," என்றாள். "கடிகாரத்துக்கு பேட்டரி மாத்தக் குடுத்திருக்கா. புதன்கிழமை வண்டிய விட்டுட்டாளாம், கடிகாரம் மெதுவா ஓடுதாம்."

ஓர்வோக்கி இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவனுக்குப் பேச்சு வராதபோது அவள் தண்ணீர் ஊற்றுவாள். சூடு தாங்காமல் ஏதாவது சொல்லிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். சொன்னான். தேதியைப் பார்த்ததை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொன்னான்.

"மறுப்பு இருந்தாச் சொல்லச் சொல்லித்தான் எழுதினேன்."

"யாருக்கு எழுதினே?"

"கணக்கு இருக்குற எல்லாருக்கும்."

"இல்போவுக்குமா?"

பெயர்களின் வரிசையில் அவன் பெயரும் இருந்திருக்கும். இருந்தது. வெய்யோ தலையாட்டினான்.

"செத்தவனுக்கு நோட்டீஸ் அனுப்பி, அவன் பதில் போடலைன்னு அவன் அறைய இடிச்சிருக்கே." அவள் கரண்டியை வாளிக்குள் போட்டாள். "இல்போ கேட்டிருந்தா உருண்டு உருண்டு சிரிச்சிருப்பான்," என்றாள்.

"ஆமா."

"துய்ரே சிரிக்கமாட்டா."

"மாட்டா."

"அப்ப இங்க உக்காந்துகிட்டு என்ன பண்றே?"

ஞாயிற்றுக்கிழமை காலை போனான். துய்ரே கதவைத் திறந்தாள். அவன் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றும்போதே, சின்னதிலிருந்து தொடங்கினால் சுலபமாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னான்: "உன் கடிகாரம் சரியாத்தான் ஓடுது, துய்ரே. நான்தான் முன்னாடியே கிளம்பிட்டேன். நீ வர்றதைப் பாத்துட்டுத்தான் கிளம்பினேன்."

"பேட்டரி மாத்தினவனும் சொன்னான், பழசே நல்லாத்தான் இருந்துதுன்னு." அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "உள்ள வா. காப்பி இருக்கு."

சமையலறை மேசையில் இல்போவின் லேப்டாப் மூடியிருந்தது. அதன்மேல் நூல் கட்டிய வெப்பமானி. அவள் காப்பியை ஊற்றி ஏலக்காய் ரொட்டியை அவன் பக்கம் தள்ளினாள். அவன் தொடவில்லை. இந்த ஊரில் ஒருவன் வீட்டில் கொடுத்ததைத் தொடாமல் உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"போச்சா?" என்றாள்.

"போச்சு. திரும்ப எடுக்க முடியாது. கேட்டுப் பாத்துட்டேன்."

அவள் ஜன்னல் வழியாகப் படித்துறையைப் பார்த்தாள். வெளியே லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. பிறகு, ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்: "சரி. உனக்குத் தெரியாது இல்லியா. அப்படி ஒண்ணு இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும். அவளே அதைக் கையில் எடுத்துக் கொடுக்கிறாள். காப்பி குடித்து, ரொட்டி தின்று, புதன்கிழமை வண்டிக்கு வா என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

"அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியாது," என்றான். "ஆனா யாரோ உள்ள வந்துட்டுப் போறாங்கன்னு தெரிஞ்சுது. அன்னைக்குக் காலைத் தேதி இருந்துது."

"அதைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"அழிக்கிறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடி."

துய்ரே தன் கோப்பையைத் தட்டின் நடுவில் சரியாக வைத்தாள்.

"அப்புறம் ஏன்?"

"எல்லாரும் அதை இல்போவோட மெஷின்னே சொல்லிக்கிட்டிருந்தாங்க." சொல்லும்போதே அந்த வாக்கியம் எவ்வளவு சின்னது என்று அவனுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடப் பையன் சொல்லவேண்டியதை நரைத்த தலையோடு, அந்த மேசையில் உட்கார்ந்து சொன்னான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், வெய்யோ," என்றாள். குரல் உயரவில்லை. "மெயில் போட்டியாமே, அது எதுக்கு? வாரா வாரம் உன் முன்னாடி வந்து நிக்கிறேனே."

வெய்யோவுக்குக் கண் எரிந்தது, அழுதால் அவள் அவனைத் தேற்றவேண்டி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். அந்த ஒன்றையாவது அவள் தலையில் கட்டாமல் இருக்கவேண்டும்.

"அந்தத் திட்டையாவது நிறுத்தித் தரேன்," என்றான் கடைசியில். "எண்ணைப் போட ஒரு ஜன்னல் வச்சுத் தர முடியும். பதில் வராது. ஆனா எண்ணு இருக்கும்."

அவள் வெப்பமானியை எடுத்துவிட்டு லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். அவன் திறந்தான். சின்னப் படத்தைத் தொட்டான். கறுப்பு ஜன்னலில் வேலி போட்ட பெரிய எழுத்துக்கள் வந்து நின்றன. எத்தனையோ தடவை படிக்காமல் தள்ளிவிட்ட வரிகள். இப்போது ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். பழைய குறி இருக்கும் கோப்பைத் திறந்து, அந்த வரியின் மேல் போய் நின்றான்.

"என்ன பண்றே?"

"பழைய மெஷினோட குறி இது. இதை எடுத்தாத்தான் புதுசு உள்ள விடும்."

"அது என்ன சொல்லிக்கிட்டிருந்துது? நீ ஒழுங்காப் படிச்சுச் சொல்லு."

"இந்த முகவரியில இருக்கிறது உனக்குத் தெரிஞ்ச ஆள் இல்லைன்னு சொல்லுது. யாரோ ஏமாத்துறாங்கன்னு."

"சரியாத்தானே சொல்லுது?"

வெய்யோ விசைகளின்மேல் இருந்த கையை எடுத்தான். "ஆமா," என்றான்.

"அப்ப விட்டுடு. சரியாச் சொல்றதை எதுக்கு அழிக்கணும்?"

அவள் லேப்டாப்பை மூடி, வெப்பமானியைத் திரும்ப அதன்மேல் வைத்தாள். அவன் எழுந்தான். வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் பின்னால் நின்றுகொண்டு, புதன்கிழமை கொடுக்கவேண்டிய புத்தகங்களுக்குத் தவணை தாண்டிவிட்டதா என்று கேட்டாள். இல்லை, நான் நீட்டி வைத்திருக்கிறேன் என்றான். நல்லது என்றாள்.

புதன்கிழமை வந்தாள். எப்போதும்போல் புத்தகங்களை அடுக்கினாள், புதியவற்றைத் தேர்ந்தெடுத்தாள். போகும்போது படியில் ஒரு கால் வைத்தவள் திரும்பி, "பதினாறு," என்றாள். அவளுக்கே எதிர்பாராமல் வாயிலிருந்து விழுந்த மாதிரி இருந்தது. வெய்யோவுக்கு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. அவன் வாயில் ஒன்றும் இல்லை. சொல்ல இருந்தாலும் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று தெரிந்தது. துய்ரே ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

இலையுதிர்காலக் கூட்டத்தில் சர்வருக்காக வெய்யோவுக்கு நன்றித் தீர்மானம் என்று ஆர்மாஸ் எழுந்தார். வெய்யோவும் எழுந்தான். இல்போ தன் மனைவிக்காக எழுதி வைத்திருந்ததைத் தான் பார்த்தும் பாராமல் அழித்துவிட்டதாக, காகிதம் எதையும் பார்க்காமல் சொன்னான். 'பார்த்தும்' என்பதை அழுத்திச் சொன்னான். யாரும் ஒன்றும் பேசவில்லை. ஓர்வோக்கி தன் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துய்ரே பின் வரிசையில் இருந்தாள். ஆர்மாஸ் சுத்தியலைக் கையில் எடுத்தார்; தட்டாமல் கீழே வைத்துவிட்டு, "காப்பி ஆறுது," என்றார். சர்வரை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று வெய்யோ சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வேறு ஆள் இல்லை.

ஆகவே இன்னும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் சர்வரின் பதிவைப் படிப்பான். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ கதவைத் தட்டிப் பார்க்கும் திருடர்கள் அதில் வரி வரியாக இருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் தினமும் ஒரு வரி, துய்ரேவின் வீட்டு இணைப்பிலிருந்து. வந்தது, கைரேகையைப் பார்த்தது, பெயர் சொல்லாமலே திரும்பியது. அவள் இன்னும் படித்துறைக்குப் போய் வந்து அந்தச் சின்னப் படத்தைத் தொடுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அந்த வரி இருந்தது. முதல் பனி விழுந்த அன்றும் இருந்தது.

ஒரு நாள் காலை அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. சர்வரில் காவலுக்கு ஒரு நிரல் உண்டு. தட்டித் தட்டி உள்ளே வராமல் போகும் முகவரிகளைத் திருடன் என்று முடிவுகட்டி அடைத்துவிடும். வெய்யோதான் அதைப் போட்டிருந்தான், விதிகளையும் அவனே இறுக்கி வைத்திருந்தான். அது துய்ரேவின் வீட்டை அடைத்திருந்தது. இனி அவளுக்கு அந்தத் திட்டுகூட வராது. ஜன்னல் திறந்து, கறுப்பாக, காத்துக்கொண்டே இருக்கும்.

வெய்யோ கோட்டை மாட்டியபடியே உட்கார்ந்தான். அடைப்பை நீக்கினான். ஒருபோதும் அடைக்கக்கூடாத முகவரிகளின் வரிசையைத் திறந்து அவள் வீட்டு எண்ணைச் சேர்த்தான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதவேண்டும். பின்னால் பார்க்கிறவனுக்குப் புரியவேண்டுமே. தண்ணீர் பம்ப் என்று ஒன்றுக்கு இருந்தது. ஆர்மாஸ், பாஸ்வேர்டை மறப்பவர் என்று இன்னொன்றுக்கு. இதற்கு அவன் இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அழித்தான். வெளியே வண்டியின் கண்ணாடியில் உறைபனி பிடித்திருந்தது. அதைச் சுரண்ட நேரம் வேண்டும்.

"இவர் உள்ளே வரமாட்டார், தடுக்க வேண்டாம்," என்று எழுதினான். யார் சேர்த்தது என்கிற இடத்தில் தன் பெயரைப் போட்டான்.